கழுத்து வலியும் சீனத்து ஊசியும்



மூணாற்றிலும் தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் கொழுந்துச் சாக்கைத் தலையில் ஏற்றிக்கொண்டு சரிவில் நடந்த தாய்மாருக்கும், இன்று திருப்பூரில் ஓவர்லாக் இயந்திரத்தின் முன்போ பெங்களூரில் கணினியின் முன்போ பத்து மணி நேரம் குனிந்திருக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் பொதுவான உபத்திரவம் ஒன்று உண்டு. அது கழுத்து வலி. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் அதிகாலையில் ஜீப்பேறி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் சகோதரிகள் செடியின் தூரடியில் தலையைத் தாழ்த்திக் காய் பறிக்கிறார்கள். பாலக்காட்டுப் பக்கம் முதலமடை மாந்தோப்புகளில் வேலை செய்கிறவர்களோ அண்ணாந்தே நிற்கிறார்கள். தாழ்த்தினாலும் அண்ணாந்தாலும் பாரம் கழுத்துக்குத்தான்.

இவர்களில் பலர் இப்பொழுது தைலத்தையும் மாத்திரையையும் விட்டு அக்குபங்சர் பலகைகளைத் தேடிப் போகிறார்கள். நகரத்தில் மட்டுமல்ல, எல்லையோரத்துச் சிற்றூர்களிலும் அப்பலகைகளைக் காணலாம். ஊசி குத்துகிறவர் உண்டு. ஊசியில்லாமல் விரலால் தொடுகிறவர் உண்டு. கிண்ணம் வைக்கிறவர், பிடித்து நீவுகிறவர், கழுத்தை முறிக்கிறவர் என்று பல வகையினர் உண்டு. இவர்களிடம் போகலாமா, போனால் எதைக் கேட்கவேண்டும், எப்பொழுது போகவே கூடாது என்பதை இம்மாதம் பார்ப்போம்.

முதலாவது, வலி எங்கிருந்து வருகிறது என்பதை அறிவோம். மனிதத் தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. அதை ஏழு சிறு எலும்புகளும் அவற்றைச் சுற்றிய தசைகளும் நாள் முழுதும் தாங்குகின்றன. தலை நேராக இருக்கும்போது அந்த 5 கிலோவோடு காரியம் முடிகிறது. கைப்பேசியைப் பார்க்க அறுபது பாகை குனிந்தால் கழுத்தின்மேல் ஏறும் பாரம் 27 கிலோ அளவுக்கு உயரும் என்று 2014-இல் வெளியான ஒரு கணக்கு கூறுகிறது. அது கணித மாதிரியைக் கொண்டு போட்ட கணக்குதான். ஆயினும் ஏன் வலிக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள அது போதும். மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் தலைச்சுமை தூக்குகிறவர்களின் கழுத்தை எக்ஸ்ரே எடுத்து, சுமை தூக்காதவர்களோடு ஒப்பிட்டு, 1997-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சுமைகாரரின் கழுத்தெலும்புகளில் தேய்மானம் மிக அதிகமாகக் காணப்பட்டது. சும்மாடு வைத்தால் உச்சந்தலை நோகாது. கழுத்தெலும்புக்கு அது எந்த உதவியும் செய்வதில்லை.

தேய்மானம் என்ற சொல்லைக் கேட்டு அநேகர் கலங்கிப்போகிறார்கள். ஸ்கேன் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு தங்கள் வாழ்வே முடிந்ததுபோல் பேசுகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஜப்பானில் கழுத்து வலியே இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, அதன் முடிவை 2015-இல் வெளியிட்டார்கள். அவர்களில் நூற்றுக்கு எண்பத்தேழு பேருக்கு மேல் வட்டு பிதுங்கியிருந்தது. வலி மட்டும் இல்லை! ஆகவே படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் அல்ல. பெரும்பாலான கழுத்து வலி தசையிலிருந்தும் சிறு மூட்டுகளிலிருந்தும் வருகிறது. சில வாரங்களில் தணிந்தும் விடுகிறது. எந்த வைத்தியத்தையும் எடைபோடும்போது இதை நினைவில் கொள்ளவேண்டும். மூன்றாம் வாரத்தில் தானே தணியும் வலிக்கு இரண்டாம் வாரத்தில் வைத்தியம் செய்தவர் பெயரைத் தட்டிக்கொண்டு போவது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

இனி ஊசிக்கு வருவோம். அக்குபங்சர் நம் நாட்டுக்கு வந்த கதை அருமையானது. 1938-இல், ஜப்பானோடு போரிட்டுக்கொண்டிருந்த சீனாவுக்கு இந்தியாவிலிருந்து ஐந்து மருத்துவர்கள் உதவிக்குச் சென்றார்கள். அவர்களில் சோலாப்பூரைச் சேர்ந்த டாக்டர் கோட்னிஸ் 1942-இல் அங்கேயே மரித்தார். மற்றொருவரான டாக்டர் பிஜய் குமார் பாசு திரும்பி வந்து, பிற்பாடு மறுபடியும் சீனா சென்று ஊசி முறையைக் கற்று, 1959-இல் கல்கத்தாவில் அதைத் தொடங்கினார். நமக்கு அண்டையிலுள்ள இலங்கையில், களுபோவில அரசு மருத்துவமனையில் டாக்டர் அன்ரன் ஜயசூரிய 1970களில் ஊசி சிகிச்சையை நடத்திப் பலருக்கும் கற்றுக்கொடுத்தார். இப்படி வந்த கலை இது.

ஊசி மயிரிழையைவிடச் சற்றே தடித்தது. மருந்து எதுவும் அதற்குள் இல்லை. கழுத்து வலிக்குப் பிடரியில் மயிர் தொடங்கும் இடத்தின் பள்ளங்களிலும், தோளின் மேட்டிலும், கையின் சில இடங்களிலும் அதைச் செருகி, இருபது முப்பது நிமிடம் விட்டுவைப்பார்கள். குத்தியவுடன் கனத்தது போலும், மரத்தது போலும் ஓர் உணர்வு வரும். தூங்கி எழுந்தவுடன் கழுத்து பிடித்துக்கொள்ளுமே, அதற்குச் சீனர்கள் வைத்திருக்கும் பெயருக்குத் தலையணையிலிருந்து விழுந்தது என்று பொருள். அந்தப் பிடிப்புக்குக் கழுத்தைத் தொடாமலே, புறங்கையில் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் கீழே ஓர் இடத்தில் ஊசியைச் செருகி, அது இருக்கும்போதே கழுத்தை மெல்லத் திருப்பச் சொல்லுவார்கள்.

கைவைத்தியமும் சீன முறையின் ஒரு பகுதியே. அதற்குத் துய்னா என்று பெயர். தள்ளிப் பிடித்தல் என்று பொருள். நமக்கு இது புதிதல்ல. சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்ற பெயரில் தட்டல், இறுக்கல், பிடித்தல், அழுத்தல், இழுத்தல் என்று ஒன்பது வகைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. பாலக்காட்டில் உழிச்சிலும் கிழியும் அறியாதவர் யார்? சீனர்கள் கிண்ணம் வைத்து உறிஞ்சுவதை நம் முன்னோர் கொம்பு கட்டல் என்றார்கள்; இஸ்லாமிய சகோதரர்கள் ஹிஜாமா என்கிறார்கள். 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸின் தோளில் வட்ட வட்டமாய்க் கன்றிய தழும்புகளை உலகமே பார்த்தது. அன்றிலிருந்து நகரங்களில் அதற்கு மவுசு கூடிவிட்டது. எண்ணெய் தடவி மழுங்கிய விளிம்பால் தோல் சிவக்கும்வரை சுரண்டும் முறை ஒன்றும் உண்டு. அதைக் குவாஷா என்பார்கள். இவை இறுகிய தசையைத் தளர்த்தி ஓரிரு வாரம் இதமளிக்கலாம். அதற்குமேல் அவற்றுக்குப் பெருமை சேர்க்க ஆதாரம் போதாது.

ஊசியால் உண்மையில் பலன் உண்டா? ஆம், ஓரளவு உண்டு. ஜெர்மனியில் நாள்பட்ட கழுத்து வலியுள்ள 14,161 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு 2006-இல் வெளியாயிற்று. வழக்கமான வைத்தியத்தோடு ஊசியும் பெற்றவர்கள், அது பெறாதவர்களைவிட மூன்று மாத முடிவில் தெளிவாகத் தேறியிருந்தார்கள். ஆனாலும் அந்நாட்டின் பொதுக் காப்பீட்டுத் திட்டங்கள் 2007 முதல் இடுப்பு வலிக்கும் முழங்கால் வலிக்குமே ஊசிச் செலவைக் கொடுக்க முன்வந்தன, கழுத்தைச் சேர்க்கவில்லை. பிரிட்டனில் காரணம் புலப்படாத நாள்பட்ட வலிக்கு ஊசியையும் பரிசீலிக்கலாம் என்று 2021-இல் அரசு வழிகாட்டுதல் வந்தது. அதுவும் மொத்தம் ஐந்து மணி நேரத்துக்கு மிகாத ஒரே சுற்று மட்டும்.

இவற்றையெல்லாம்விட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது 2015-இல் வெளியான ஓர் ஆங்கில ஆய்வு. நாள்பட்ட கழுத்து வலியுள்ள 517 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான வைத்தியம் மட்டும். இரண்டாம் பிரிவுக்கு அதனோடு பன்னிரண்டு முறை ஊசி. மூன்றாம் பிரிவுக்கு அதனோடு இருபது பாடங்கள். ஊசியும் இல்லை, தைலமும் இல்லை, அலெக்சாண்டர் முறை என்ற பெயரில் தலையையும் கழுத்தையும் இறுக்கமின்றி வைத்துக்கொண்டு உட்காரவும் நிற்கவும் நடக்கவும் கற்பிக்கும் பாடங்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, ஊசி பெற்றவர்களும் பாடம் கற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு நலம் பெற்றிருந்தார்கள். இரு சாராரும் முதற்பிரிவைவிட மேலாக இருந்தார்கள். இதன் பொருளைச் சற்றே யோசியுங்கள். ஊசி குத்தும் கைக்கு இருக்கும் வல்லமை, தலையை வைத்துக்கொள்ளும் பழக்கத்தை மாற்றுவதிலும் இருக்கிறது. ஊசிக்காரரின் கட்டிலைவிட்டு எழுந்து மறுபடியும் அதே நாற்காலியில் அதே கோணலோடு உட்கார்ந்தால், வலி திரும்பி வரும். பணம் மட்டும் திரும்பி வராது.

இந்த இடத்தில் விசுவாசிகளின் மனதில் ஒரு கேள்வி எழுவது இயல்பு. உடலில் சீ என்ற ஒரு சக்தி ஓடுகிறது என்றும், அதன் பாதையைத் திறப்பதே ஊசியின் வேலை என்றும் அந்த வைத்தியர்கள் சொல்லுகிறார்களே, இதில் நாம் உட்படலாமா என்பதே அது. ஆய்வுகள் தரும் விடை வியப்பானது. குறித்த புள்ளியை விட்டு வேறிடத்தில் குத்தியபோதும், குத்துவதுபோலப் பாவனை செய்தபோதும் கூட நோயாளிகளுக்குக் கணிசமான நிவாரணம் கிடைத்தது. சரியான புள்ளியில் குத்தியதற்கும் அதற்கும் வித்தியாசம் உண்டு. ஆனால் அது சிறிது. பெய்ஜிங்கில் 1965 முதல் இதை ஆராய்ந்த பேராசிரியர் ஹான் ஜிஷெங் போன்றோர், ஊசி நரம்பைத் தூண்ட, மூளை தன் சொந்த வலிநிவாரணிகளைச் சுரக்கிறது என்று காட்டினார்கள். ஆகவே அந்தத் தத்துவத்தை ஏற்றுக்கொண்டால்தான் ஊசி வேலை செய்யும் என்பதில்லை. ஒருவர் உங்களிடம் நம்பிக்கையைக் கோரினால், மந்திரம் ஏதும் சொன்னால், எழுந்து வந்துவிடுங்கள். ஊசியை மட்டும் கையாளுகிறவரிடம் ஊசியை மட்டும் பெற்றுக்கொள்ளலாம். ஜெபித்துவிட்டு வைத்தியரிடம் போவது அவிசுவாசம் என்று சொல்லுகிறவர்களுக்கு எசேக்கியா ராஜாவின் பிளவையையும், அதன்மேல் பற்றுப்போடச் சொன்ன தீர்க்கதரிசியையும் நினைவுபடுத்தினால் போதும்.

எனக்குக் கவலை தருவது தத்துவம் அல்ல; மருந்தையெல்லாம் தூக்கி எறியுங்கள் என்று சொல்லும் குரல். நம் தமிழ்ப் பகுதிகளிலும் கேரளத்திலும் அக்குபங்சர் என்ற பெயரில் ஒரு போதனையும் சேர்ந்தே பரவியிருக்கிறது. சர்க்கரைக்கு மாத்திரை வேண்டாம், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வேண்டாம், பரிசோதனையே வேண்டாம், உடல் தன்னைத் தானே குணமாக்கிக்கொள்ளும் என்பதே அப்போதனை. 2024 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தை அடுத்த நேமத்தில், மருத்துவமனைக்குப் போகாமல் வீட்டிலேயே பிரசவம் பார்க்கப்பட்ட ஒரு தாயும் சிசுவும் இறந்துபோனார்கள். அவருடைய கணவரும், அக்குபங்சர் செய்துவந்த ஒருவரும் கைது செய்யப்பட்டார்கள். அது கழுத்து வலி அல்ல. ஆனால் கழுத்து வலிக்காகப் போகிறவரின் காதிலும் அதே போதனைதான் விழுகிறது. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை மாத்திரை சாப்பிடும் தாயார் கழுத்துக்கு ஊசி போடப் போய், மாத்திரையை நிறுத்திவிட்டு வந்தால், அந்த ஊசியின் விலையை யார் கணக்கிடுவது?

சட்டத்தின் நிலையையும் அறிந்துகொள்ளுங்கள். 2003-இல் மத்திய அரசு அக்குபங்சரை ஒரு சிகிச்சை முறையாக அனுமதித்தது. 2019-இல் தனி மருத்துவ முறையாக அங்கீகரித்தது. மேற்கு வங்கம் 1996-இலேயே இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. மகாராஷ்டிரம் 2015-இல் இயற்றியது. சில நாட்கள் வகுப்புக்குப் போனவரும் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளுவது இத்துறையில் அபூர்வமல்ல. நம்பகமான வழி ஒன்று உண்டு. ஐந்தரை ஆண்டு படிக்கும் இயற்கை மருத்துவம் மற்றும் யோகா பட்டப் படிப்பில் அக்குபங்சரும் ஒரு பாடம். சென்னை அரும்பாக்கத்திலுள்ள அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரியில் இதற்கு மேற்படிப்பும் இருக்கிறது. தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் இயற்கை மருத்துவப் பிரிவு இயங்குகிறது. அங்கே விசாரித்துவிட்டுத் தனியாரிடம் போகலாமே.

போகுமிடத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள். ஊசி புதிதா? உறை உங்கள் கண்ணெதிரே கிழிக்கப்படவேண்டும், பயன்படுத்தியபின் எறியப்படவேண்டும். கொதிக்கவைத்துவிட்டோம், ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டோம் என்று சொன்னால் நன்றி சொல்லிப் புறப்படுங்கள். மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் இரத்தத்தின் வழியாய்ப் பரவுகின்றன. கழுத்துக்கும் தோள்முனைக்கும் நடுவேயுள்ள மேட்டில் குத்தும் புள்ளி இம்முறையில் மிகப் பிரபலம். ஆனால் அதற்குக் கீழேதான் நுரையீரலின் உச்சி இருக்கிறது. மெலிந்த சரீரமுள்ளவருக்கு அங்கே ஆழமாய்க் குத்தினால் நுரையீரலில் ஓட்டை விழக்கூடும். அரிதுதான்; எனினும் நேர்ந்திருக்கிறது. ஊசி போட்டு வந்தபின் மூச்சுத் திணறலோ நெஞ்சில் குத்தலோ வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓடவேண்டும். இரத்தம் உறையாதிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை உள்ளவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடவேண்டும். சர்க்கரையால் உணர்வு மங்கிய தோலில் நெருப்பிட்ட கிண்ணம் வைத்தால் சுட்டதும் தெரியாது, புண் ஆறவும் செய்யாது.

ஊசியைவிட எனக்கு அதிகம் பயமளிப்பது கழுத்தை முறிப்பது. சலூனில் முடிவெட்டியபின் தலையைப் பிடித்துச் சடக்கென்று திருப்புகிறார்களே, அது சுகமாக இருக்கலாம். மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் கழுத்தெலும்பின் வழியாகவும் பக்கவாட்டிலும் செல்லுகின்றன. சடுதியான திருப்பத்தில் அவற்றின் உட்சுவர் கிழியக்கூடும். 2024-இல் கர்நாடகத்தின் பல்லாரியில் இப்படிச் செய்துகொண்ட முப்பது வயது வாலிபர் ஒருவருக்குப் பக்கவாதம் வந்து, பெங்களூரில் சிகிச்சை பெற்றதாகச் செய்திகள் வந்தன. துய்னா செய்கிறவரானாலும் சுளுக்கு எடுக்கிறவரானாலும், நீவலாம், அழுத்தலாம். திருப்பி முறிக்க இடங்கொடாதிருங்கள்.

சில கழுத்து வலிகள் ஊசிக்காரரிடமோ உழிச்சில்காரரிடமோ போகவே கூடாதவை. வலி இடது கையிலும் தாடையிலும் பரவி வியர்த்தால் அது இருதயமாக இருக்கலாம். காய்ச்சலும் வாந்தியுமாய்க் கழுத்து விறைத்தால் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். மாலைதோறும் காய்ச்சல், எடை குறைவு, இரவில் எழுப்பும் வலி இவை சேர்ந்தால் எலும்பில் காசநோய் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். நம் நாட்டில் அது இன்னும் ஒழியவில்லை. விழுந்தபின் வந்த வலி, முன்பு புற்றுநோய் இருந்தவருக்கு வந்த வலி, கை வலுவிழத்தல், நடை தள்ளாடுதல், சிறுநீர் அடக்கமுடியாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனையே இடம். எல்லையோரத்தில் இருப்பவர்களுக்குத் தேனியை அடுத்த க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அந்தப் பக்கத்தார் கோயம்புத்தூருக்கும் பாலக்காட்டுக்கும் போகலாம்.

அப்படி ஒன்றும் இல்லாத சாதாரண வலியானால், ஊசிக்கு ஐந்தாறு முறை என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் தூக்கமும் கழுத்தின் அசைவும் தேறவில்லையென்றால் இருபதாவது முறையிலும் தேறாது. வீட்டில் வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். மோவாயை உள்ளிழுத்து ஐந்து எண்ணும்வரை வைத்து விடுங்கள். ஒரு வேளைக்குப் பத்து முறை. உள்ளங்கையை நெற்றியில் வைத்து, தலை அசையாமல் ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளுங்கள். பக்கவாட்டிலும் பிடரியிலும் அவ்வாறே செய்யுங்கள். தையல் வேலை செய்கிறவர்கள் நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்து, அரை மணிக்கு ஒருமுறை தலையை நிமிர்த்தவேண்டும். கழுத்துப் பட்டையை மாதக்கணக்கில் அணிந்தால் தசை மெலியும். கொழுந்தோ விறகோ தண்ணீரோ, ஒரு பெரிய சுமையை இரண்டு சிறு சுமைகளாக்கி இரண்டு நடை நடப்பது நேரத்தை வாங்கும். கழுத்துக்கு அது பன்னிரண்டு ஊசிகளுக்குச் சமம். எடைபோடும் இடத்துக்கு நேரத்துக்குள் சேரவேண்டிய தொழிலாளிக்கு இது எளிதல்ல என்பதும் தெரிந்ததே. இதை அவள் ஒருத்தி தீர்த்துக்கொள்ள முடியாது. தோட்ட நிர்வாகமும் தொழிற்சங்கமும் பேசவேண்டிய காரியம் இது.

கடைசியாக, நகரத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை தருகிறேன். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, கழுத்து வலி என்று சொல்லும் உங்கள் தாயாரிடம் கையை நீட்டி, விரல்களை முழுதும் மடக்கி விரித்து, மடக்கி விரித்து, வேகமாகச் செய்யச் சொல்லுங்கள். பத்து விநாடிக்குள் இருபது முறை வரவேண்டும். அதற்கு மிகவும் குறைந்தால், அல்லது ரவிக்கைக் கொக்கி மாட்டவும் பூத்தொடுக்கவும் இப்பொழுது கை தடுமாறுகிறது என்று அவர் சொன்னால், கழுத்தில் தண்டுவடம் நெருக்கப்பட்டிருக்கலாம். வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதிருங்கள். தைலமும் ஊசியும் வேண்டாம். ஊர் திரும்பும் பேருந்துக்குச் சீட்டு எடுக்கும் முன்னே, அவரை நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துக்கொண்டு போங்கள்.